வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு உண்மையான வேலை கொடுங்கள்

பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிற குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் குறைவு. எங்களுடையது அதில் ஒன்று. விசாரிக்கிறவர்கள் எல்லாரும் கேட்பது கணிதம் எப்படி, இங்கிலீஷ் எப்படி என்றுதான். பிள்ளைக்கு சைக்கிள் ரியூப் ஒட்டத் தெரியுமா, சந்தையில் மிச்சக்காசு எண்ணி வாங்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக ரியூசன் ரியூசனாக ஓடுகிற பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரமில்லை, அது விளங்குகிறது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு நேரம் இருக்கிறதே, அதையும் பயிற்சித்தாளில் கரைத்துவிட்டால் பிறகு எதற்கு வீட்டில் வைத்திருக்கிறோம்?

விளையாட்டுச் சாமானில் பழகுவது சின்ன வயதோடு போகட்டும். 1907இல் உரோமில் ‘சிறுவர் இல்லம்’ என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கிய கல்வியாளர் மரியா மொண்டிசோரி, சின்னஞ்சிறு பிள்ளைகளின் கையிலேயே உடையக்கூடிய கண்ணாடியையும் பீங்கானையும்தான் கொடுத்தார். விழுந்தால் உடையும் என்று தெரிந்த கை தானாகக் கவனமாகும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கூட்டிப்போய், காசைக் கையில் கொடுத்துவிட்டு நாலடி தள்ளி நில்லுங்கள். வாடின கீரையை வாங்கினால் அன்றைக்கு அந்தக் கீரைதான் கறி.

சைக்கிள் காத்துப் போனால் உடனே கடைக்கு உருட்டிக்கொண்டு போகாதீர்கள். ரயரைக் கழற்றி, ரியூப்புக்குக் காற்றடித்து, தண்ணீர் வாளிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிப் பார்க்கவிடுங்கள். குமிழி வருகிற இடத்தில் அடையாளம் வைத்து, துடைத்து, அரத்தாளால் உரசி, சொலூசனை மெல்லிசாகப் பூசிக் காயவிட வேண்டும். பிள்ளைகள் அந்தக் காயவிடுகிற இடத்தில்தான் அவசரப்படுவார்கள், ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது. அதைவிட முக்கியம், ரியூப்பைத் திரும்பப் போட முன்னம் ரயரின் உட்பக்கத்தைத் தடவி முள்ளைத் தேடி எடுப்பது. முள் உள்ளே இருந்தால் தெரு முடக்குக்குப் போக முதலே திரும்பக் காத்துப் போய்விடும். காரணத்தைத் தேடாமல் காயத்தை மட்டும் ஒட்டக்கூடாது என்பதை இதைவிட நன்றாகச் சொல்லித்தர எனக்கு ஒரு பாடப்புத்தகமும் தெரியாது.

மின்சாரப் பில்லும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிற வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். ஆயிரம் வாற்று அயன்பெட்டி ஒரு மணித்தியாலம் இழுத்தால் ஒரு யூனிட், மாதம் 60 யூனிட் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை. இது பிடிபட்ட பிள்ளை பெருக்கலையும் படிக்கும், ஃபானையும் நிற்பாட்டும்.

குசினியில் புட்டிலிருந்து தொடங்கலாம். மா எவ்வளவு தண்ணீர் இழுக்கும் என்பது மாவுக்கு மா மாறும், குழைக்கிற கைக்குத்தான் தெரியும். கொதிதண்ணியைப் பெரியவர்கள் ஊற்றுங்கள், குழைத்துக் கொத்துவது பிள்ளை. ‘பெடியனுக்கு என்னத்துக்கு அடுப்படி வேலை’ என்று உறவுகள் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. கொழும்புக்கோ கனடாவுக்கோ போய் இறங்குகிற பெடியனுக்கு அங்கே யார் சோறு வடித்துக் கொடுப்பது? அம்மம்மாமாரின் ‘பாவம், பிள்ளையை விடு’வும் அன்புதான், ஆனால் அந்த அன்பு பிள்ளையின் கையைக் கட்டிப்போடுகிறது. கிணற்றடியிலும் கரண்ட் வயரிலும் மட்டும் நானும் விடமாட்டேன், பெரியவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

வளவில் கொஞ்சம் இடமிருந்தால் ஒரு பாத்தி போடுங்கள். ஆடி ஆவணியில் பனம்பழம் விழும்போது விதை பொறுக்கி அடுக்கி மண் மூடினால், மாரி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும், தை மாசியில் கிழங்கு. கிண்டுவது, அவிப்பது, கிழித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் ஆக்குவது எல்லாம் பிள்ளைகளே செய்யட்டும். முளை வந்ததா என்று இடையில் கிளறிப் பார்ப்பார்கள், ஒன்றிரண்டு கெட்டுப்போகும், பரவாயில்லை.