வாசகர் வட்டத்தில் வாசிப்பு நடக்கட்டும்

நம் கிளை நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதற்குத் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் இருக்கிறார்கள். நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் தேசிய நூலக வாரத்தில் விழா எடுக்கிறார்கள். பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் வைத்துப் புத்தகங்களைப் பரிசளிக்கிறார்கள். இவை யாவும் நல்ல காரியங்களே. இவற்றுக்காகத் தங்கள் கைப்பணத்தைச் செலவிடும் பெரியவர்களிடம் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் நான் போய்ப் பார்த்த வாசகர் வட்டக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு நூலும் திறக்கப்படவில்லை. சிறப்பு விருந்தினர் தாம் படித்ததைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறார், பொன்னாடை போர்த்துகிறார்கள், நன்றியுரையோடு அனைவரும் கலைந்து செல்கிறார்கள். கேட்க வந்தவர்களில் எத்தனை பேர் அந்த நூலைத் தேடி எடுத்திருப்பார்கள் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

என் கருத்து எளிமையானது. வாசகர் வட்டம் கூடினால் அந்தக் கூட்டத்திலேயே, எல்லோரும் கேட்கும்படி, ஒரு படைப்பை வாய்விட்டு முழுதாக வாசிக்க வேண்டும். பேச்சு அதன் பிறகுதான். நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரி தாலுகாவில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள எங்கள் சிற்றூரில் நாங்கள் சிலர் இப்படித்தான் கூடிவருகிறோம். இதை மலையூர்களில் உள்ள மற்ற கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த நீண்ட பதிவை எழுதுகிறேன்.

பெருநகரங்களில் நடக்கும் புத்தக உரையாடல் கூட்டங்களின் முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அது நிலைப்பதில்லை. மாதத்துக்கு ஒரு நாவல் என்று அறிவித்து, எல்லோரும் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்கிறார்கள். நூலகத்தில் அந்த நாவலின் பிரதி ஒன்றுதான் இருக்கும். அதை முதலில் எடுத்தவர் திருப்பித் தருவதற்குள் கூட்டத்தின் நாளே வந்துவிடும். விலை கொடுத்து வாங்கச் சொன்னால், பச்சைத் தேயிலையின் விலை சரிந்து கிடக்கும் மாதங்களில் சிறுவிவசாயி வீட்டில் அது நடக்கிற காரியமில்லை. அடுத்த கூட்டத்துக்குப் படித்து முடித்த இரண்டு பேர் வருவார்கள், படிக்காத எட்டுப் பேர் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மூன்றாவது கூட்டம் நடக்காது. இவர்களுக்கு வாசிப்பில் ஆர்வமில்லை என்று பிறகு யாராவது சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே குறைந்தது பிரதிதான், ஆர்வம் அன்று.

சிறுகதைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அச்சில் எட்டு அல்லது பத்துப் பக்கம் வருகிற கதையை நிதானமாக வாசித்தால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே பிரதியை வட்டமாக அமர்ந்திருப்பவர்கள் கைமாற்றிக்கொண்டு பக்கத்துக்கு ஒருவராக வாசிக்கலாம். வாசிக்க விருப்பமில்லாதவர் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. வாசித்து முடித்ததும் கதைச் சுருக்கம் யாரும் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் இப்போதுதான் கேட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் மனம் நின்றது என்ற ஒரு கேள்வியோடு தொடங்கினால் போதும். ஏற்கெனவே ஒரு முறை பேசியவர் மற்ற எல்லோரும் பேசும் வரை காத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கு இது கடினமாக இருக்கிறது, ஆனால் பழகிவிடுகிறார்கள்.

இப்படி வாசித்தவற்றில் இலங்கை மலையக எழுத்தாளர் ஒருவரின் கதை எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. 1964இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இங்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் நீலகிரியில் ஏராளம். அவர்களின் மறுவாழ்வுக்காகத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்களே தொடங்கப்பட்டன. சிறுவனாக வந்து இங்கேயே தோட்ட வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அன்று வந்திருந்தார். பல கூட்டங்களில் வாய் திறக்காதவர் அவர். கதையில் கொழுந்தின் நிறை குறைந்ததற்காக ஒரு பெண்ணுக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போடுகிற இடம் வந்தபோது அவர் கையை உயர்த்தி வாசிப்பை நிறுத்தச் சொன்னார். முழு நாள் வெயிலிலும் மழையிலும் நின்றவளுக்கு அரை நாள் கூலி எப்படிக் கணக்கெழுதப்படும், கங்காணியிடம் அதைப் பற்றிக் கேட்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், தம் தாய் அந்தக் கணக்கை எப்படி ஏற்றுக்கொண்டு வீடு திரும்பினார் என்பதையெல்லாம் அவர் சொன்னார். இங்குள்ள தோட்டங்களில் இலை பறிக்கும் பெண்கள் இருவர் தங்கள் எடைக் கணக்கையும், ஈர இலைக்கும் சாக்குக்கும் கழிக்கும் கழிவையும் அதோடு ஒப்பிட்டார்கள். அந்தக் கதையைப் பற்றி எந்தத் திறனாய்வாளர் வந்து பேசியிருந்தாலும் எங்களுக்கு இவ்வளவு விளங்கியிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தப் பெண்களில் ஒருவருக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். சேர்ந்து வாசிக்கும் முறையை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு அவரைப் போன்றவர்களே முதற்காரணம். வாய்விட்டு வாசிப்பது குழந்தைகளுக்கு உரியது என்று படித்தவர்கள் சிலர் தயங்குகிறார்கள். நம் ஊர்களின் வழக்கம் அப்படி இருந்ததில்லை. பாரதக் கதையை ஒருவர் படிக்க ஊரே இரவெல்லாம் கேட்டிருக்கிறது. தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் இயக்கத்தினர் நடத்திய படிப்பகங்களிலும் ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, எழுத்தறியாதவர்களும் நாட்டு நடப்பைக் கேட்டு, விவாதித்து, அரசியல் கற்றார்கள். 1990களில் அறிவொளி இயக்கம் நடந்தபோதும் தெருவிளக்கின் கீழ் சேர்ந்து வாசித்தல் இருந்தது. எழுத்தறிவு பரவிய பிறகு வாசிப்பைத் தனியொருவர் காரியமாக நாம் ஒதுக்கிவிட்டோம்; அதனால் எழுத்துத் தடுமாறுகிறவர் நூலகத்தின் படியேறுவதற்கே காரணம் இல்லாமல் போயிற்று.

கூடும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் மலையில் நேரம்தான் பாதி வேலை. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்று அறிவிப்பது சமவெளிக்குப் பொருந்தும். இங்கே அந்த நேரத்தில் மூடுபனி இறங்கியிருக்கும், ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து போயிருக்கும், தேயிலைச் செடிகளுக்கு இடையே உள்ள நடைபாதையில் கரடியோ காட்டெருமையோ நிற்கும். பெண்கள் வரமாட்டார்கள், அவர்கள் வராததில் தவறும் இல்லை. எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கிறது. ஆகவே ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி நான்குக்குள் முடிக்கிறோம். வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கத்தில் கடுமையாகப் பெய்யும். தகரக் கூரையின் மேல் மழை விழும்போது வாசிப்பவரின் குரல் எடுபடாது. அந்த மாதங்களில் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொள்கிறோம், அல்லது மழை சற்று ஓயும் வரை பேசிக்கொண்டிருக்கிறோம். ஹெத்தையம்மன் திருவிழா நாட்களில் கூட்டம் வைப்பதில்லை.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள்தான் இன்று சிற்றூர் நூலகங்களின் நாற்காலிகளை நிரப்புகிறார்கள். அவர்களால் இலக்கிய வாசகர்களுக்கு இடமில்லை என்று குறைசொல்வதை நான் ஏற்கவில்லை. வீட்டில் தனி அறையும் இணைய வசதியும் இல்லாத பிள்ளைகளுக்கு அந்த மேசை எவ்வளவு பெரிய உதவி என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அவர்களுக்கு அமைதி வேண்டும், எங்களுக்குக் குரல் வேண்டும். குழந்தைகள் பகுதியின் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறோம், இதுவரை யாரும் முறையிடவில்லை.

இதையெல்லாம் நூலகத்தில்தான் நடத்த வேண்டுமா, ஒரு திருமண மண்டபத்திலோ வீட்டிலோ நடத்தலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். கூடாது என்பதே என் பதில். உதகையில் 1859இல் தொடங்கப்பட்ட நீலகிரி நூலகம் இந்த மலையின் பெருமைகளில் ஒன்று. கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோம் வடிவமைத்த அதன் கட்டடத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் அது சந்தா செலுத்தும் உறுப்பினர்களுக்காக ஆங்கிலேயர் உருவாக்கிய நூலகம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்த பிறகுதான் பொதுமக்களின் வரியால் நடக்கும் நூலகம் என்பது சட்டப்படி நமக்கு உரியதாயிற்று. நாம் செலுத்தும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்த்து வாங்கப்படுகிறது. எந்தச் சாதியார் வீட்டுக்குள் எந்தச் சாதியார் வந்து அமரலாம் என்ற கேள்வி இன்னும் முழுமையாக அகலாத ஊர்களில், யாருடைய அனுமதியும் இல்லாமல் எவரும் நுழைந்து எவருக்கும் பக்கத்தில் உட்காரக்கூடிய கூரை நூலகத்தினுடையது. அதை விட்டுவிட்டு வேறு இடம் தேடக் கூடாது.

குழந்தைகளுக்கான கதை நேரத்திலும் இதே முறைதான். ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டில் படுக மொழி பேசுகிறார்கள், பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். கதையைத் தமிழில் வாசித்துவிட்டு, அதைப் பற்றி அவர்களுக்குள் படுக மொழியிலேயே பேசிக்கொள்ள விடுகிறோம். அப்போது பேசுகிற பிள்ளைகள் வேறு, சிரிப்பு வேறு. அடுத்த வாரம் பாட்டியிடம் கேட்ட ஒரு கதையோடு வருவார்கள். அதைத் தமிழ் எழுத்தில் எழுதி, படம் வரைந்து, ஒரு குறிப்பேட்டில் சேர்க்கிறோம்.

அந்தக் குறிப்பேட்டை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. இந்த மலையைப் பற்றிய பழைய விவரங்களைத் தேடுகிறவர்கள் 1880இல் கிரிக் தொகுத்த மாவட்டக் கையேட்டையும் 1908இல் பிரான்சிஸ் தொகுத்த மாவட்ட விவரத் தொகுப்பையும்தான் இன்றும் புரட்டுகிறார்கள். இரண்டும் அரிய நூல்கள். இரண்டும் ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் நிர்வாகத் தேவைக்காக எழுதியவை. கோத்தர், தோடர், குறும்பர், இருளர், படுகர், சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்கு ஏறி வந்தவர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் ஆகியோர் தாங்களே சொன்ன செய்திகள் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஓர் அடுக்காக இருக்க வேண்டும். எந்தச் சதுப்பு எப்போது தோட்டமாயிற்று, எந்த ஓடை எந்த ஆண்டு வற்றியது, முதல் பேருந்து எந்த வழியில் வந்தது என்பதை அறிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சொன்னவரின் சம்மதத்தோடு எழுதி, அவருக்கே ஒரு முறை வாசித்துக் காட்டித் திருத்திய பிறகு அடுக்கில் வைக்க வேண்டும்.

நூலகரின் நிலையை மறந்துவிட்டு எதையும் கேட்க முடியாது. சிற்றூர் நூலகத்தில் திறப்பது, பெருக்குவது, பதிவேடு எழுதுவது, நாளிதழ்களை அடுக்குவது எல்லாம் ஒருவரே. தொலைந்த நூலுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே என்பதால் நல்ல நூல்கள் சில அலமாரியில் பூட்டியே இருக்கின்றன. மலையின் ஈரத்தில் பூட்டிய அலமாரிதான் புத்தகத்துக்கு முதல் எதிரி. காற்றுப் படாமல் பூஞ்சணம் பிடித்து, ராமபாணப் பூச்சி அரித்து, யாரும் வாசிக்காமலேயே அந்த நூல் கழிவுப் பட்டியலுக்குப் போகிறது. வாசகர் வட்டத்தினர் ஆளுக்கு ஓர் அடுக்கைப் பொறுப்பேற்று, வெயில் வரும் நாட்களில் தூசி தட்டிக் காற்றாட வைத்தால் நூலகருக்கும் துணிவு வரும், அலமாரியும் திறக்கும். எங்கள் ஊரில் அப்படித்தான் திறந்தது.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கான தம் ஐந்து விதிகளை வெளியிட்ட 1931ஆம் ஆண்டில்தான், மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார்கள். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்ற விதியை நம்பியவர்கள் வாசகர் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இன்று நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் நூல்களை வீடுகளுக்கு எடுத்துச் செல்கிறார்கள். தோட்டத்து லைன் வீடுகளுக்கு நூலை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், வாசலில் அமர்ந்து ஒரு கதையை வாசித்துவிட்டும் வர வேண்டும் என்று எங்கள் பகுதித் தன்னார்வலர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் தொடங்கியிருக்கிறார்கள்.

நூலகத் துறையிடம் எனக்குள்ள வேண்டுகோள் செலவு மிகுந்ததன்று. சிறுகதைத் தொகுப்புகளில் தேர்ந்த சிலவற்றைப் பத்துப் பிரதிகள் வீதம் வாங்கி, மாவட்ட மைய நூலகத்தில் வைத்து, கேட்கும் கிளைகளுக்கு மாதம் ஒன்றாகச் சுற்றுக்கு விட வேண்டும். வாசகர் வட்டத்தின் செயல்பாட்டை விழாவுக்கு வந்த கூட்டத்தின் அளவையும் நிழற்படங்களையும் கொண்டு மதிப்பிடாமல், அந்த ஆண்டில் எந்தெந்தப் படைப்புகள் சேர்ந்து வாசிக்கப்பட்டன என்ற பட்டியலைக் கேட்க வேண்டும். எட்டுப் பேர் கூடினாலும் அது முழுமையான கூட்டமே.

தங்கள் ஊரில் தொடங்க விரும்புகிறவர்கள் முதலில் நூலகரிடம் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமையை உறுதி செய்துகொள்ளுங்கள். அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டாம். ரேஷன் கடையிலும் பச்சைத் தேயிலை எடைபோடும் இடத்திலும் நேரில் சொன்னால் போதும். முதல் கதை பத்துப் பக்கத்துக்குள் இருக்கட்டும், வாசிக்கப்போகிறவர்கள் அதை முந்தைய நாளே ஒரு முறை படித்துப் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் ஊரில் இதுவரை வாசித்த கதைகளின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.