அந்த அலைச்சறுக்கு வீடியோவும் மூலிகை எண்ணெயும்

“தண்டுவடம் அடிபட்டவர் 48 நாள் மூலிகை எண்ணெய் தேய்த்துக் குணமாகி, கடலில் அலைச்சறுக்குகிறார்” என்று ஒரு வீடியோ பொள்ளாச்சி, உடுமலை வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

வீடியோவை நிறுத்திப் பாருங்கள். அவர் எழுந்து நிற்கவே இல்லை. பலகையில் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றியிருக்கிறார், கால்கள் அசையவில்லை. பின்னால் ஒருவர் பலகையை அலைக்குள் தள்ளிவிடுகிறார், கரைப்பக்கம் இன்னொருவர் பிடிக்கக் காத்திருக்கிறார். காயம் ஆறவில்லை, சறுக்கும் முறைதான் மாறியிருக்கிறது. அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் ஜெஸ்ஸி பில்லவர் 1996-இல் மணல்திட்டில் தலை மோதிக் கழுத்தில் அடிபட்டவர். அவரும் இப்படிப் படுத்தபடிதான் அலைக்குத் திரும்பினார். 2015-இல் மாற்றுத்திறனாளிகளின் அலைச்சறுக்குக்கென முதல் உலகப் போட்டியே நடந்தது.

அறுந்த தண்டுவட நரம்பை ஒட்டவைக்கும் எண்ணெய் எதுவும் கிடையாது. சூடான எண்ணெய் ஆபத்தும்கூட: உணர்ச்சியில்லாத காலில் தோல் வெந்தாலும் அடிபட்டவருக்குத் தெரியாது. தென்னையிலிருந்து விழுந்து படுத்தவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! அவர்களுக்கு வேண்டியது பிசியோதெரபி, அடிக்கடி புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது. சரி, தண்ணீரில் இறங்க ஆசைப்படுகிறாரா? டாக்டரைக் கேட்டுவிட்டு, பழகிய ஆள் துணையோடு ஆழமில்லாத நீச்சல்குளத்தில் இறக்குங்கள். தோட்டத்துக் கிணறு வேண்டவே வேண்டாம்.