அப்பாவை "நீ" என்ற வண்டிக்குரல்

போன மாதம் அப்பாவைக் கொழும்புக்குக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். அட்டனில் விடியற்காலை புறப்பட்டோம். தம்பி வேனில் போனை முன்னால் மாட்டி, குரல் உதவியாளரைத் தமிழில் பேச வைத்திருந்தான். "தாங்கள் செல்ல வேண்டிய இடத்தைக் கூறவும்" என்று தொடங்கியது. அறிவித்தல் பலகை பேசுவது போல இருக்கிறதென்று, "கூட்டாளி மாதிரிப் பேசு" என்று சொல்லிவிட்டான். கினிகத்தேனையில் அது கேட்டது: "களைச்சிருப்ப, டீ குடிக்கிறியா?"

முன் சீட்டில் இருந்த அப்பா நிமிர்ந்தார். "யாரு அது, நீ வா போன்னு பேசுறது?"

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 38 வருஷம் தோட்டத்தில் உழைத்தவர். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் தன்னைவிட இளைய கணக்கப்பிள்ளை "நீ" என்று அதட்ட, இவர் "ஐயா" என்று பதில் சொன்ன காலைகள் எத்தனையோ. சிநேகிதன் "நீ" என்றால் தோளில் கை போட்ட மாதிரி. முன்பின் தெரியாத குரல் சொன்னால் அவருக்கு அந்தப் பெரட்டுக்களம்தான் ஞாபகம் வரும்.

ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'யூ' ஒன்றுதான். நமக்கோ இலகுவாகப் பேசுவது வேறு, மரியாதை குறைவது வேறு. "டீ குடிக்கிறீங்களா?" என்பதும் பேச்சுத்தமிழ்தானே! யாழ்ப்பாணத்தில் இடைநடுவே "நீர்" என்று ஒன்றிருக்கிறது. எங்கள் பக்கம் அதுவும் இல்லை. இந்தக் குரல்களைச் செய்பவர்கள் அறிவித்தல் பலகைத் தமிழுக்கும் "நீ"க்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் கிளிஃபர்ட் நாஸும் கூட்டாளிகளும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மனம் வாடியிருந்த ஓட்டுநருக்கு அடங்கிய குரலும் உற்சாகமாக இருந்தவருக்குத் துள்ளலான குரலும் பேசியபோது சிமுலேட்டரில் விபத்துகள் குறைந்தன. தொனிக்கே இவ்வளவு என்றால், கூப்பிடும் விதத்துக்கு எவ்வளவு இருக்கும்?

அதற்காக மரியாதை என்று நீட்டி முழக்கவும் வேண்டாம். கினிகத்தேனை இறக்கத்தில் பனிமூட்டம். "தயவுசெய்து சற்றுத் தூரம் சென்று வலதுபுறம் திரும்பவும்" என்று அது முடிப்பதற்குள் வளைவே முடிந்துவிடும். எங்கள் பஸ் கொண்டக்டர்கள் "ரைட்" என்ற ஒரே சொல்லில் காரியத்தை முடிக்கிறார்கள்.

தம்பி பிறகு, "பெரியவங்க இருக்காங்க, நீங்கன்னு பேசு, சுருக்கமாப் பேசு" என்று மாற்றினான். கித்துல்கலை தாண்டியதும் அப்பாவே அதனிடம் கேட்டார்: "அவிசாவளைக்கு இன்னும் எவ்வளவு நேரம்மா?"

இந்தப் பேச்சை நாங்கள் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. முதலிலேயே அப்படி வரட்டும். "நீ" வேண்டும் என்கிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.