ஓட்டாதே என்று சொன்னவர்தான் வண்டி நிற்கிற செலவையும் ஏற்கணும்

ஒரு கார் கம்பெனி "பழுது பார்க்கும் வரை இந்த வண்டியை ஓட்டாதீர்கள்" என்று கடிதம் போட்டுவிட்டால், அந்தக் கடிதம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வண்டியின் பொறுப்பு கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். மாற்று வண்டி, நிறுத்துகிற இடம், இன்சூரன்ஸ், பேட்டரி செத்துப்போனால் புது பேட்டரி, எல்லாமே. கோளாறைச் சரிசெய்யக் கம்பெனி இப்படி வண்டிகளைத் திரும்பக் கூப்பிடுவதுதான் ரீகால். ரீகால் என்றாலே "இலவசமாகத்தானே மாற்றித் தருகிறார்கள், அப்புறம் என்ன" என்கிறார்கள். மாற்றிக் கொடுக்கிற வேலை இலவசம்தான், ஆனால் அதற்கு முன்னால் மாதக்கணக்கில் வண்டி ஒரே இடத்தில் நிற்கிறதே, அந்தக் காத்திருப்பின் செலவு முழுக்க உரிமையாளர் தலையில்தான் விழுகிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில். அக்கா வீடு பக்கத்து ஊர். வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு, காலையில் ஒரு பாட்டிக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த தெருவில் ஒரு தாத்தாவைக் குளிப்பாட்டப் போக வேண்டும், கார் இல்லாமல் அந்த வேலை நடக்காது. அவர் காருக்கு ஏர்பேக் ரீகால் வந்தது. ஓட்டக் கூடாது, பார்ட்ஸ் வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். எந்தக் கம்பெனி, எந்த சர்வீஸ் சென்டர் என்று எழுதப் போவதில்லை, ஏனென்றால் இது ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயமே இல்லை.

பின்னணி தெரியாதவர்களுக்காக: டகாடா என்ற ஜப்பானியக் கம்பெனி உலகத்தின் பல கார் கம்பெனிகளுக்கு ஏர்பேக் செய்து கொடுத்தது. விபத்தில் பையை ஊத வைக்க உள்ளே ஓர் உலோகக் குப்பி இருக்கும், அதுதான் இன்ஃப்ளேட்டர். பையை ஊதும் வாயுவைத் தருகிற மருந்தாக அதில் அம்மோனியம் நைட்ரேட்டை வில்லைகளாகப் போட்டார்கள். ஈரத்தை உறிஞ்சும் பொருள் எதுவும் சேர்க்காமல் செய்த குப்பிகளில், வருடக்கணக்காக வெயிலும் ஈரமும் மாறி மாறிப் படும்போது உள்ளே இருக்கும் வில்லைகள் நொறுங்கிப்போகின்றன. நொறுங்கிய மருந்து தேவைக்கு மேல் வேகமாக எரிகிறது, குப்பியே வெடிக்கிறது, காப்பாற்ற வேண்டிய பைக்குள்ளிருந்து இரும்புத் துண்டுகள் ஓட்டுபவர் கழுத்துக்கும் முகத்துக்கும் பாய்கின்றன. அமெரிக்காவில் மட்டும் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. 2017 ஜனவரியில் டகாடா குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது, அதே வருடம் ஜூனில் திவாலானது. அது திவாலானாலும் அதன் குப்பிகள் இன்னும் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

2025 ஜூனில் பிரான்ஸின் ரீம்ஸ் நகரில் சிட்ரோயன் சி3 காரின் டகாடா ஏர்பேக் வெடித்து ஒரு பெண் இறந்தார். சில நாட்களில் பிரான்ஸ் முழுக்க சி3, டிஎஸ்3 கார்களை நிறுத்தச் சொன்னார்கள். ஜூன் 20ஆம் தேதி இங்கே பிரிட்டனிலும் அதே உத்தரவு, 2009 முதல் 2019 வரை வந்த ஏறத்தாழ 1,20,000 வண்டிகளுக்கு. ஒரே நாளில் அத்தனை வீட்டு வாசலிலும் கார் முடங்கியது. தெற்கு ஐரோப்பாவில் இதே உத்தரவு 2024 மே மாதமே வந்துவிட்டது, வெயில் அதிகம் என்பதால் அங்கே முதலில். ஆக, பிரச்சினை இருப்பது தெரியாமல் இல்லை. அதற்கும் முன்னால் பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகளில், குவாதலூப், ரீயூனியன் போன்ற வெப்பமும் புழுக்கமும் நிறைந்த தீவுகளில், உயிர்கள் போயிருந்தன. ரீயூனியன் என்றால் கரும்புத் தோட்ட வேலைக்காக 19ஆம் நூற்றாண்டில் நம் கரையிலிருந்து போனவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் தீ மிதிக்கிற, காவடி எடுக்கிற ஊர். அங்கே நடந்தபோதே எல்லா இடத்திலும் மாற்று இன்ஃப்ளேட்டர்களைத் தயார் செய்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது வண்டி நிற்கிற விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒரு காரைப் பொதுத் தெருவில் நிறுத்தவே ரோட் டாக்ஸும் இன்சூரன்ஸும் வேண்டும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். அந்தச் செலவு வேண்டாமென்றால் வண்டி ரோட்டுக்கு வராது என்று வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கு எழுதிக் கொடுக்கலாம், இங்கே எல்லாரும் 'சார்ன்' போடுவது என்பார்கள். பணம் கட்ட வேண்டாம், மீதி முழு மாதங்களுக்கான டாக்ஸும் திரும்பி வரும். ஆனால் சார்ன் போட்ட வண்டி தனியார் இடத்தில்தான் நிற்க வேண்டும். வீட்டுக்கு முன்னால் டிரைவ்வே இருப்பவருக்குச் சரி. ஃபிளாட்டில் இருந்துகொண்டு தெருவில் நிறுத்துபவர் என்ன செய்வார்? ஓட்ட முடியாத வண்டிக்கு மாதா மாதம் இன்சூரன்ஸ் கட்டிக்கொண்டே இருப்பார். இன்னொரு சிக்கல், சார்ன் போட்ட வண்டியை முன்பதிவு செய்த எம்.ஓ.டி. என்கிற வாகனத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகலாம், ரீகால் வேலைக்கு ஓட்டிப் போகக் கூடாது, பிடித்தால் 2,500 பவுண்டு வரை அபராதம். அப்படியானால் ஒன்று கம்பெனி ஆள் வீட்டுக்கு வர வேண்டும், இல்லை காரை ஏற்றிப் போக டோ வண்டி அனுப்ப வேண்டும். இரண்டையும் நாம் கெஞ்சிக் கேட்டு வாங்கும் நிலை ஏன் இருக்க வேண்டும்? நிறுத்து என்கிற அதே கடிதத்தில் அதுவும் எழுதியிருக்க வேண்டாமா?

சும்மா நிற்கிற கார் அப்படியே இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அப்படி நிற்கிற வண்டியின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அக்கா காரின் ஜன்னல் ரப்பரில் பச்சையாகப் பாசி ஏறிவிட்டது. சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால் பளபளவென்று இருந்த பிரேக் டிஸ்க் முழுக்க செம்மண் நிறத்தில் துரு, பிரேக் பேட் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் அதன் அச்சு போலவே ஒரு கறுப்புத் திட்டு. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டபடியே விட்டால் பின் பிரேக் அப்படியே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நகர்த்தும்போது டமார் என்று சத்தம் போட்டுப் பிரியும், சில சமயம் பிரியவே பிரியாது. அதனால் சமதளமாக இருந்தால் ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

பேட்டரி அடுத்தது. பூட்டி வைத்த காரில் கூட அலாரம், சாவியின் சிக்னலைத் தேடும் கருவி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். சில வாரத்தில் பேட்டரி இறங்கும், முழுக்க இறங்கி அப்படியே கிடந்தால் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் போதும் என்று நிறைய பேர் சொல்வார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஸ்டார்ட் செய்ய இழுத்த கரண்டே அதில் சரியாகத் திரும்பி ஏறாது, இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் அணைப்பதால் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தண்ணீர் சேரும். பிளக்கில் மாட்டினால் தானாகவே பார்த்துக்கொள்கிற சின்ன சார்ஜர் கிடைக்கிறது, அதுதான் சரியான வழி. மின்சாரப் பாயின்ட் பக்கத்தில் இல்லாதவர்கள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து சார்ஜ் செய்யலாம். டயரில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, சொந்த இடத்தில் நின்றால் அவ்வப்போது வண்டியைக் கையால் தள்ளி அரைச் சுற்று நகர்த்துங்கள், இல்லாவிட்டால் தரையில் படுகிற பக்கம் தட்டையாகிவிடும். மேலே போர்த்துவதற்கு பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும், காற்றுப் போகிற துணி உறை நல்லது. முன் கண்ணாடிக்குக் கீழே இலைகள் அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் வழிந்தோட முடியாமல் காருக்குள் இறங்கும், அதையும் அள்ளிப் போடுங்கள். பெட்ரோல் பல மாதம் நின்றால் கெடும், இங்கே இப்போது விற்கிற இ10 பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் ஈரத்தையும் இழுக்கும்.

இதெல்லாம் பொதுவானது. ரீகால் வண்டிக்கு ஒரு வேறுபாடு இருக்கிறது, அதை யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் கோளாறுதான் முடிவு செய்கிறது. டகாடா ஏர்பேக் என்றால் நிழலான, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடம் நல்லது, ஏனென்றால் வண்டி நின்றாலும் அந்தக் குப்பியின் மேல் வெயிலும் ஈரமும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். அதுவே தீப்பிடிக்கிற கோளாறு என்றால் நேர் எதிர். 2023 செப்டம்பரில் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு, வீட்டை விட்டுத் தள்ளி வெளியில் நிறுத்துங்கள் என்று சொன்னார்கள். பிரேக்கைக் கட்டுப்படுத்தும் கருவிக்குள் திரவம் கசிந்து ஷார்ட் ஆகி, இன்ஜின் அணைந்திருந்தாலும் தீப்பிடிக்கலாம் என்பதால். செவர்லே போல்ட் மின்சாரக் காருக்கு 2021இல் வந்த ரீகாலில் சார்ஜ் போட்டதும் வெளியே நிறுத்து, ராத்திரி முழுக்க வீட்டுக்குள் வைத்து சார்ஜ் போடாதே என்று சொன்னார்கள், பிறகு பொது இடத்தில் மற்ற வண்டிகளிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். நகரத்துப் பார்க்கிங்கில் 50 அடி இடைவெளிக்கு எங்கே போவது? இடத்தைத் தேடிக்கொள்வதும் உரிமையாளர் பாடு.

பார்ட்ஸ் ஒரே நாளில் முளைக்காது, லட்சக்கணக்கில் செய்ய நேரமாகும் என்பது கம்பெனிகளின் பதில். உண்மைதான், அதை மறுக்கவில்லை. டகாடா விஷயத்தில் முதலில் சில வண்டிகளுக்குப் பழைய குப்பிக்குப் பதிலாக அதே மாதிரியான புதுக் குப்பியையே மாட்டி அனுப்பி, பிறகு அதையும் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அவசரத்தில் அப்படிச் செய்வதை விடக் காத்திருப்பதே மேல். ஆனால் காத்திருப்பு நியாயமானது என்பதற்கும் அதன் செலவு என்னுடையது என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

கம்பெனிகளால் லட்சக்கணக்கான வண்டிகளை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். புகைச் சோதனையை ஏமாற்றிய ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடியில் அமெரிக்க நீதிமன்றம் தலையிட்டதும், 2017 முடிவதற்குள் ஏறத்தாழ 3.35 லட்சம் கார்களை உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கி, அவற்றில் பெரும்பாலானவற்றை நாடு முழுக்க 37 இடங்களில் நிறுத்தினார்கள். மிச்சிகனில் கைவிடப்பட்ட அமெரிக்கக் கால்பந்து மைதானம், கலிஃபோர்னியாவில் விக்டர்வில் பாலைவனம் என்று இடம் கிடைத்தது. திரும்ப ஓட்டும் நிலையில் இருக்கும்படி பராமரிக்கிறோம் என்று கம்பெனியே சொன்னது. அது புகை சம்பந்தப்பட்ட வழக்கு, பாதுகாப்பு ரீகால் இல்லை. இருந்தாலும் சட்டம் கட்டாயப்படுத்தினால் நிலமும் ஆளும் பணமும் வரும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? புகைக்குச் செய்ததை உயிருக்குச் செய்ய ஏன் தயக்கம்?

ஊரில் இருப்பவர்களுக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. இந்தியாவிலும் டகாடா ஏர்பேக் ரீகால்கள் வந்திருக்கின்றன. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110ஏ பிரிவு அரசுக்கு ரீகால் உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தது, 2021 ஏப்ரலில் விதிகள் நடைமுறைக்கு வந்தன, ஒரு கோடி ரூபாய் வரை கம்பெனிக்கு அபராதம் போடலாம். ஆனால் அந்தக் கட்டாய ரீகால் ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும்தான். டகாடா குப்பி வயதாக ஆகத்தான் ஆபத்தாகிறது! பிரிட்டனில் நிறுத்தச் சொன்ன கார்களில் 2009 முதல் 2014 வரை வந்தவை எல்லாமே அப்போதே பத்து வயதைத் தாண்டியவை. சென்னை, தூத்துக்குடி, கடலூர் மாதிரி கடலோரப் புழுக்கத்தில் பத்து, பன்னிரண்டு வருடம் நின்ற பழைய கார்களை வாங்கி ஓட்டுவது யார்? முதல்முறை கார் வாங்குகிற குடும்பங்கள்தான். அந்த ஏழு வருட வரம்பை எடுத்தே ஆக வேண்டும். அதுவரை, செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பார்ட்ஸ் வரவில்லையே என்று பழைய இரும்புக் கடையில் ஸ்டீயரிங் ஏர்பேக் வாங்கி மாட்டிவிடவே மாட்டாதீர்கள், அதிலும் இதே குப்பி இருக்கலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் தெரியும், அவை ஏர்பேக் ஒயர்கள், நீங்களோ தெரிந்த மெக்கானிக்கோ அதில் கை வைக்க வேண்டாம்.

அக்கா இப்போது எல்லாவற்றையும் கோப்பில் சேர்க்கிறார். ரீகால் கடிதம், ஓடிய தூரம் காட்டும் மீட்டரின் போட்டோ, இன்சூரன்ஸ் கட்டிய ரசீது, வேலைக்குப் போன டாக்ஸி ரசீது, சர்வீஸ் சென்டரோடு போனில் பேசிய தேதிகள். போனில் பேசுவதோடு விடாமல் ஒவ்வொரு முறையும் பேசியதை மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், மாற்று வண்டி கேட்டு மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் இதன் நகலோடு எங்கள் எம்.பி.க்குக் கடிதம் போகிறது. அதில் கேட்பது ஒன்றுதான்: ஓட்டாதே என்கிற உத்தரவோடு மாற்று வண்டியும், நிற்கிற வண்டியின் முழுச் செலவும் தானாகவே சேர்ந்து வர வேண்டும் என்று சட்டம் போடுங்கள்.