எந்தக் காய்ச்சல் என்று கேட்டீர்களா, அண்ணா?

என் வாட்சாப் செய்தியை வெட்டி அண்ணன் ஒருவர் பதிவாகப் போட்ட அந்த ஸ்கிரீன்ஷாட்டை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். கீழே இருந்த சிரிப்பு எமோஜிகளையும் பார்த்துவிட்டேன். யார் போட்டது என்று பெயர் சொல்லப்போவதில்லை. இந்தப் பக்கம் வருகிற எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. வெட்டி எடுத்த அந்தப் படத்தில் என் செய்தியின் முதல் பாதி இல்லை. "பாப்பாவுக்கு டெஸ்ட்டில் இன்ஃப்ளூயன்சா பி என்று வந்திருக்கிறது. வேனில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்." வகுப்பு வாட்சாப் குழுவில் நான் முதலில் எழுதியது இதுதான். டாக்டர் ஒசெல்டமிவிர் (ஃப்ளூ, அதாவது இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கான மருந்து) கொடுத்திருக்கிறார் என்பது அடுத்த வரி. அந்த ஒரு வரிதான் இப்போது ஊர் சுற்றுகிறது. கூடவே அண்ணனின் பொன்மொழி: "கஷாயம் வைக்கச் சோம்பல்படும் அம்மாக்கள் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியைக் கொல்கிறார்கள்."

எந்தக் காய்ச்சல், அண்ணா? அதை நீங்கள் கேட்கவே இல்லையே.

சளி பிடிக்க வைக்கிற வைரஸ்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. பள்ளிக்குப் போகிற சின்னப் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறேழு தடவை சளி பிடிப்பது சாதாரணம். அதற்கெல்லாம் நான் எந்த ஆன்டிவைரலும், அதாவது வைரஸை அடக்கும் மருந்தும், கொடுத்ததில்லை. கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் அவற்றுக்கு அப்படி ஒரு மருந்தே இல்லை. இன்ஃப்ளூயன்சாவுக்கு இருக்கிறது. செல்லுக்குள் பெருகிய வைரஸ் வெளியே வந்து அடுத்த செல்லுக்குப் போக, ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து தன்னை அறுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கத்திரியை மழுங்கடிப்பதுதான் ஒசெல்டமிவிரின் வேலை. எதிர்ப்புச் சக்தியின் பக்கமே அது போவதில்லை. மீதிச் சண்டையைப் போடுவது பாப்பாவின் உடம்புதான். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். பாப்பாவை டாக்டரிடம் காட்டியது இரண்டாம் நாள் காலை. அவள் எடை 14 கிலோ, அதற்கு 30 மில்லிகிராம், காலையும் இரவும், ஐந்து நாள். எடை பார்த்து அளந்து கொடுத்ததைத்தான் "அம்மாக்களின் அவசரம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

"அந்த மருந்தால் பெரிய பலன் ஒன்றும் இல்லை என்று 2014-லேயே காக்ரேன் ஆய்வு சொல்லிவிட்டதே" என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். படித்தேன் சார். காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற அமைப்பு. மருந்துக் கம்பெனி பூட்டி வைத்திருந்த ஆய்வு விவரங்களை வருஷக்கணக்கில் போராடி வாங்கி எழுதிய அறிக்கை அது, எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு. ஆரோக்கியமான குழந்தைகளுக்கு நோய் சுமார் 29 மணி நேரம் முன்னதாக அடங்குகிறது, வாந்தி அதிகமாகிறது என்கிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளிடம் அந்தப் பலன் தென்படவில்லை என்றும் சொல்கிறது. என் மகளுக்கு வீசிங் உண்டு. சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வீசிங் உள்ள பிள்ளைக்கு ஃப்ளூ வந்தால் சீக்கிரம் மோசமாகும், அதனால் காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார், நான் கேட்டேன். வாந்தியும் எடுத்தாள், இரண்டு தடவை, இரண்டாவது தடவை என் மேலேயே. 29 மணி நேரம் என்பது உங்களுக்குச் சின்ன எண். 103 டிகிரியில் அனத்துகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்களிடம் கேளுங்கள், அதில் எத்தனை இரவு இருக்கிறது என்று.

எதற்கெடுத்தாலும் இங்கிலீஷ் மருந்தைத் தேடி ஓடுகிற ஆள் நான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2017-இல் பெரியவனுக்கு இரண்டு வயது. ஊரெல்லாம் டெங்கு. நிலவேம்புக் குடிநீரை வைத்துக் கமல்ஹாசன் ட்விட்டரில் ஒன்று சொல்லப்போய், தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்ட அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சண்டை நடக்கும்போது நான் நிலவேம்புக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். தினமும் வாங்கி வந்து கொடுத்தேன், பாதியைத் துப்புவான். அப்படியும் அவனுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் நான் டாக்டரின் கையைப் பிடிக்காத குறை. "ஏதாவது ஆன்டிவைரல் போடுங்க சார், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்று அழுதேன். "டெங்குவுக்கு அப்படி ஒரு மருந்து இல்லைம்மா. டிரிப்ஸும் கண்காணிப்பும்தான்" என்றார். ஐந்து நாள் மணிக்கொரு தடவை நாடி பார்த்தார்கள், சிறுநீரை அளந்தார்கள். பையன் பிழைத்தான். வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், பப்பாளி இலைச் சாறுதான் காப்பாற்றியது என்று. பெயர் பப்பாளிக்கு, பில் எங்களுக்கு.

அதே அம்மாதான் நான். டெங்கு என்றபோது மருந்து இல்லை என்றார்கள், கேட்டுக்கொண்டேன். ஃப்ளூ என்றபோது இருக்கிறது என்றார்கள், கொடுத்தேன். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், எந்தக் காய்ச்சல்?

எதிர்ப்புச் சக்திக்குக் கொடுப்பது எல்லாமே ஏமாற்று என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தட்டம்மை வந்த பிள்ளைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் கரைசலோடு துத்தநாகம் கொடுக்கச் சொல்வதும் அவர்கள்தான், 2004-இலிருந்து. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குத் தேன் கொடுக்கலாம், அதற்கு முன்னால் கூடவே கூடாது. இங்கேயும் பாருங்கள், எந்த நோய், எந்த வயது, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். "எல்லாக் காய்ச்சலுக்கும், எல்லா வயதினருக்கும், பக்க விளைவே இல்லை" என்று அதில் எதையும் யாரும் விற்பதில்லை. அப்படி விற்பது யார்? அண்ணனின் பதிவைக் கடைசி வரை படித்தீர்களா? "நம் பாரம்பரிய இம்யூனிட்டி சிரப் வேண்டுவோர் இன்பாக்ஸ் வரவும். 480 ரூபாய், கூரியர் இலவசம்." சிரித்த அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அந்த வரி கண்ணில் படவில்லையா?

அடுத்து வரப்போவது தெரியும். "2025-இல் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் செத்தார்களே, அதுவும் இங்கிலீஷ் மருந்துதானே?" ஆமாம். மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் செத்த குழந்தைகள் குடித்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று வீட்டிலிருந்த இருமல் பாட்டில்களை எல்லாம் குப்பையில் போட்டேன். இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் எதுவும் இல்லை. மருந்துக் கம்பெனியைச் சோதிக்க வேண்டியவர்கள் சோதிக்கவில்லை என்ற கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தைக் காட்டி, லேபிளில் என்ன இருக்கிறது என்றே எழுதாத பாட்டிலை என் கையில் திணிக்காதீர்கள். உங்கள் சிரப்பை எந்த ஆய்வகத்தில் சோதித்தார்கள்?

எங்கள் வீட்டில் கஷாயம் வைப்பதில்லை என்று யார் சொன்னது உங்களுக்கு? அந்த ஐந்து நாளும் அத்தை மிளகு ரசம் வைத்தார், சுக்கு தட்டிப் போட்டார், பாப்பா இரண்டு வாய் குடித்தாள். மருந்தும் உள்ளே போனது, ரசமும் போனது. அத்தைக்கும் எனக்கும் ஆயிரம் சண்டை உண்டு, ஆனால் அவர் ஒரு தடவைகூட என்னிடம் "நீ என்ன அம்மா" என்று கேட்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் கேட்டுவிட்டார்.

இன்னொன்று. டாக்டரிடம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனது என் கணவர். மருந்து வாங்கி வந்ததும், சிரிஞ்சில் அளந்து வாயில் விட்டதும் பெரும்பாலும் அவர்தான். நான் லீவு கிடைக்காமல் பாதி நாள் ஆபீஸில் இருந்தேன். அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கு ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் புதிதாகத் தர வேண்டாம். இத்தனை கமென்ட்டில் ஒருவராவது "சோம்பேறி அப்பா" என்று எழுதியிருக்கிறாரா? தேடிப் பார்த்தேன். இல்லை. "இந்தக் காலத்துப் பெண்கள்" என்று ஆரம்பிப்பவை மட்டும் ஏழு. அதில் இரண்டு பேர் என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதியவர்கள்.

குழுவில் மூன்று அம்மாக்கள் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். "எங்க பையனுக்கும் அதேதான் அக்கா, அதே மருந்துதான் கொடுத்தோம், குழுவுல சொல்லப் பயமா இருந்துச்சு." வேனில் யாருக்குத் தொற்றியது என்பதை ஒரு வாரம் கழித்து, அதுவும் இன்பாக்ஸில் தெரிந்துகொள்கிறோம். இனிமேல் யாருடைய பிள்ளைக்கு என்ன வந்தாலும் அந்தக் குழுவில் எவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் நிச்சயம் திறக்க மாட்டேன்.

பாப்பா நேற்றிலிருந்து பள்ளிக்குப் போகிறாள். இருமல் கொஞ்சம் இருக்கிறது. ராத்திரி ஒரு ஸ்பூன் தேன் கொடுத்தேன். விருப்பமுள்ளவர்கள் இதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம், முழுசாக எடுங்கள்.