குழந்தையை எங்கே விடுவாள்?

கிராமத்துப் பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி கொடுக்கப் போகிறோம் என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், இப்போதெல்லாம் நான் பாடத்திட்டத்தைக் கேட்பதில்லை. வருகிற பெண் குழந்தையை எங்கே விடுவாள், மாதம் கையில் எவ்வளவு வரும், ஐந்து வருடம் கழித்து அவள் ஆசிரியராக இருப்பாளா என்றுதான் கேட்கிறேன். சண்டைக்காரி என்று பேராகிவிட்டது. ஆகட்டும்.

சில வருடங்களுக்கு முன் அப்படியொரு முகாமில் பத்து நாள் வகுப்பெடுக்கப் போனேன். ஒன்பதாவதோடு நின்றுபோன ஒரு பெண் வந்திருந்தாள். கரும்பலகையில் எழுதச் சொன்னால் எழுத்து முத்து முத்தாக விழும், வரி மட்டும் போகப் போகக் கீழே சரியும். நின்ற இடத்தைவிட்டு நகராமல் கையை மட்டும் நீட்டி எழுதினால் அப்படித்தான் ஆகும். நகர்ந்து எழுதப் பழக்கியதும் இரண்டே நாளில் நேராகிவிட்டது.

ஐந்தாம் நாள் 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டுகளோடு வந்து நின்றாள். நான் வழக்கம்போல "கடன் வாங்கிக் கழித்தல்" என்று ஆரம்பிக்க, குறுக்கே சொன்னாள்: "கடன் எங்க டீச்சர் வாங்குறோம்? திருப்பிக் குடுக்கறதே இல்லையே. ஒரு கட்டைப் பிரிச்சுச் சில்லறை மாத்துறோம், அவ்வளவுதான்." இத்தனை வருடம் கணக்கு எடுத்த எனக்கு இது தோன்றியதே இல்லை.

ஆறாம் நாள் அவள் வரவில்லை. வீட்டில் விட்டுவந்த ஒரு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல். முகாமுக்குக் குழந்தைகளை அழைத்து வரக் கூடாது என்பது விதி. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே "இடைநிற்றல்" என்று எழுதினார்கள். பள்ளியை விட்ட பெண்பிள்ளைகளுக்கு எழுதுகிற அதே சொல்.

ராஜஸ்தானில் 1987-இல் தொடங்கிய 'சிக்ஷா கர்மி' திட்டம் இதை யோசித்தது. வாத்தியார் வந்து சேராத குக்கிராமப் பள்ளிகளில் அந்தந்த ஊர்க்காரர்களையே ஆசிரியராக்கினார்கள். ஆண் என்றால் எட்டாவது, பெண் என்றால் ஐந்தாவது படித்திருந்தால் போதும். அதற்கும் பெண்கள் கிடைக்கவில்லை. 'தகுதியானவர் இல்லை' என்று கோப்பை மூடாமல், பெண்கள் தங்கிப் படித்துத் தகுதி பெறவே தனி மையங்களைத் திறந்தார்கள். பங்களாதேஷில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் 1985-இல் 22 ஓரறைப் பள்ளிகளோடு ஆரம்பித்ததும் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களை நம்பித்தான். ஆரம்பப் பயிற்சி இரண்டு வாரம்போலத்தான், ஆனால் மாதாமாதம் கூட்டி மறுபடி உட்கார வைத்தார்கள். நம் ஆட்கள் அந்த இரண்டு வாரத்தை மட்டும் காப்பியடிக்கிறார்கள்.

பெண் ஆசிரியர் இருந்தால் வயசுக்கு வந்த பிறகும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. மறுப்பு வருவது சம்பளத்தில். "உள்ளூர்ப் பெண்தானே, பஸ் செலவு இல்லை, சேவை மனப்பான்மை இருக்கும்" என்று சொல்லி மதிப்பூதியத்தில் நிறுத்திவிடுகிறார்கள். வேலை முழு ஆசிரியர் வேலை. பணி நிரந்தரம், மகப்பேறு விடுப்பு, ஓய்வூதியம் எதுவும் இல்லை. இதை மலிவுக் கூலி என்று சொன்னால் கோபம் வருகிறது.

போதாததற்குத் தகுதிச் சிக்கல். 2009 கல்வி உரிமைச் சட்டம் வந்ததும் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயமானது. சரியான சட்டம்தான், ஏழைப் பிள்ளைக்கு மட்டும் அரைகுறை ஆசிரியர் என்பது அநியாயம். ஆனால் பத்து வருடம் வகுப்பெடுத்தவள் அந்தச் சான்றிதழை எட்ட ஏணி வேண்டாமா? 2017-இல் சட்டத்தைத் திருத்தி, ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்கு 2019 மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊரிலிருந்து புதிதாக வருகிறவள் பன்னிரண்டாவதையும் ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தையும் தானே முடித்துக்கொண்டு வரவேண்டியதுதான்.

சகோதரி சுப்பலட்சுமி நூறு வருடத்துக்கு முன்பே சென்னையில் பாதையைக் காட்டிவிட்டார். சிறுவயதிலேயே விதவையானவர், 1911-இல் பட்டதாரி. இளம் விதவைகளை ஆசிரியராக்க நினைத்தவர் முதலில் அவர்கள் தங்க ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார். பிறகுதான் படிப்பு, பயிற்சி எல்லாம். அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கு மட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அது சின்னக் குறை இல்லை. ஆனாலும் வரிசை சரி.

அடுத்த மாதம் இன்னொரு முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் உண்டா என்று கேட்டு எழுதினேன். எனக்குச் சைவமா அசைவமா என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது.