இரைச்சல் மட்டும்தானா காரணம்?
தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை எட்டும் பழைய டயல்-அப் இணைப்பில் பதிவிறக்கம் போகப்போக மந்தமாவதற்கு, அந்தக் கம்பியில் கலக்கும் மின் இரைச்சல் ஒன்றே காரணம் என்று ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது. அது பாதி உண்மைதான். கோப்பை எங்கே சேமிப்பது என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பல உலாவிகள் பின்னணியில் தரவை இறக்கத் தொடங்கிவிடுகின்றன. சேமிப்புப் பொத்தானை அழுத்தியதும், அதுவரை குவிந்ததையெல்லாம் ஓரிரு நொடிகளில் வந்ததாகக் கணக்கிட்டு நொடிக்கு 20 கிலோபைட் என்று காட்டும் உலாவி, பிறகு சராசரியை மெல்ல இறக்கி 5-க்கு அருகே கொண்டுவந்து நிறுத்தும். கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் 56 கே (நொடிக்கு 56 கிலோபிட்) மோடத்தின் ஏட்டளவு உச்சமே நொடிக்கு 7 கிலோபைட்தான். மோடம் தரவைச் சுருக்கி அனுப்பி இதைத் தாண்டலாம் என்றாலும், ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜிப் போன்ற கோப்பை அது மேலும் சுருக்க முடியாது என்பதால், அந்த 20 வெறும் கணக்குத் தோற்றம். (அதைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.)

இரைச்சலின் பங்கை மறுக்கவில்லை. பழுதான தரவுத் தொகுதிகளை மோடம் திரும்பக் கேட்டு வாங்கும். அதுவும் போதாதபோது இரு முனை மோடங்களும் சில நொடிகள் தரவை நிறுத்தி, புதிதாக ஒத்திசைந்து, குறைந்த வேகத்துக்கு இறங்கும். ஆனால் இணைப்பு ஏற்பட்டபோது திரையில் தெரிந்த இணைப்பு வேக எண் பெரும்பாலும் மாறாமலே நிற்பதால், இந்த இறக்கம் பயனருக்குத் தெரிவதேயில்லை.